கை நனைக்காத காசியம்மா

“உள்ள போறேன்டா. அடுப்படிக்குள்ள போயி சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். உன் மவன் நல்ல சகுனத்துல ஏறிப் போவட்டும். ஆனா ஒண்ணு கேட்டுக்க தம்பி. இனிமே இந்த வூட்டுல நான் கை நனைச்சேன்னா என் பேரு காசியம்மா இல்ல.”

போலகத்தில் சுப்ராயன் வீட்டு வாசலில் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவனுடைய அக்காள் சொன்னது இது. தெருவில் வாடகைக் கார் நின்றது. சுப்ராயனின் ஒரே மகன் அறிவுச்செல்வன் புதுப் பெட்டியும் புதுச் சட்டையுமாக இத்தாலிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். விடியுமுன் எழுந்து அவனுக்கு இட்லி அவித்ததும், புளிச்சோறு கிளறி இலையில் வைத்துக் கட்டிக்கொடுத்ததும் காசியம்மாதான். எல்லாம் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, ‘போய்ட்டு வாடா’ என்று ஒரு வார்த்தை சொல்ல வாசலுக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் தம்பிக்காரன், “அக்கா, செத்த நேரம் உள்ள இரேன். வண்டி கெளம்பிரட்டும்,” என்றான்.

ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. தாலி அறுத்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காது என்பது அந்த வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்ததுதான். புளிச்சோறு கிளறுகிற கை ஆகும். முகம் ஆகாது.

சொன்னபடி உள்ளே போனாள். சொன்னபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கார்ச் சத்தம் தேய்ந்ததும் கொல்லை வழியாக வெளியே வந்து, தன் வீட்டுக்குப் போய், பானையில் கிடந்த பழைய சோற்றைப் பிழிந்து வைத்துத் தின்றாள். கூட ஒரு பச்சைமிளகாய்.

ஒரு வீட்டில் கை நனைப்பது என்றால் அந்த வீட்டுச் சோற்றில் கை வைப்பது. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூடப் பேச்சு முடிகிறவரை காப்பித்தண்ணியோடு எழுந்து வந்துவிடுவார்கள். கை நனைத்துவிட்டால் உறவு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். மாட்டேன் என்று ஒருத்தி சொன்னால், அன்றோடு நீ யாரோ நான் யாரோ என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். காசியம்மா அப்படிச் செய்யவில்லை. தம்பியோடு பேச்சை நிறுத்தவில்லை. அவன் வீட்டுக்குப் போவதை வருவதை நிறுத்தவில்லை. வயிற்றை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

காசியம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கினதில்லை. பதினேழு வயதில் தியாகராசன் என்கிற அரிசிமில் சுமைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனுஷன், குடித்தாலும் சத்தம் போடாமல் குடிப்பான் என்று அவனைப் பற்றி அவளே சொல்வாள். மஞ்சள்காமாலையில் அவன் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பது. பிள்ளை இல்லை. அழுது முடித்த கையோடு வாய்க்கால் ஓரம் இருபது குழி நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் கீரை போட்டாள். அன்றிலிருந்து இன்று வரை, அறுபத்தெட்டு வயதாகியும், முதல் பஸ்ஸில் கூடையோடு ஏறித் தலத்தெரு என்கிற ஊரில் இறங்கி விற்பாள். முளைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி. பத்து மணிக்குக் கூடை காலியாகிவிடும்.

கீரைக்காகப் பாதிப் பேர் வாங்கினார்கள். மீதிப் பேர் அவள் வாய்க்குப் பயந்து வாங்கினார்கள். ஒரு நாள் வாத்தியார் வீட்டம்மா, “நேத்து குடுத்த கீரையெல்லாம் ஓட்டை ஓட்டையா பூச்சி அரிச்சிருந்துச்சே,” என்று இழுத்தாள்.

“பூச்சி தொடாத கீரைய மனுஷன் தொடக் கூடாதும்மா. மருந்தடிச்சது வேணும்னா கடையில பிளாஸ்டிக் பையில போட்டு வச்சிருக்கான், போயி வாங்கு. ஆஸ்பத்திரியும் பக்கத்துலதான் இருக்கு.”

மறுநாளும் வாத்தியார் வீட்டில் இரண்டு கட்டு வாங்கினார்கள்.

தம்பி பெண்டாட்டி சிறுநீரகம் கெட்டுப் படுத்தபோது மூன்று மாதம் கூடவே இருந்து பார்த்தவள் காசியம்மாதான். மலம் எடுத்தாள், முதுகு துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள். தன் சாப்பாட்டு நேரத்துக்கு எழுந்து பக்கத்துத் தெருவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்த் தின்றுவிட்டு வந்தாள். குடிக்கத் தண்ணீர்கூடப் பழைய சோடா பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருவாள். சாகப்போகிற வாரத்தில் தம்பி பெண்டாட்டி, “அண்ணி, எனக்காவ ஒரு வாய் சாப்புடக் கூடாதா,” என்று கேட்டாள்.

“நீ என்னடி பண்ணுன? ஒண்ணும் பண்ணல. வாசல்ல வச்சு பேசுனவன் பேசட்டும்.”

பேசினவன் பேசவேயில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரம் கொடுத்தனுப்புவான். காசியம்மா அதை அப்படியே அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவாள். அவளுக்கு வேண்டியது அதிரசம் இல்லை. அன்றைக்கு உன்னை உள்ளே போகச் சொல்லியிருக்கக் கூடாது என்கிற ஒரு சொல். அது வராமல் அவன் வீட்டுச் சோற்றைத் தின்றால், தன் முகம் ஆகாத முகம்தான் என்று அவளே ஒத்துக்கொண்டு கைநாட்டு வைத்ததாகிவிடும். ரேஷன் கடையிலிருந்து பேங்கு வரைக்கும் எத்தனையோ காகிதத்தில் கைநாட்டு வைத்தவள், இந்த ஒன்றில் மட்டும் வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். சொல்லவும் வராமல் விடவும் முடியாமல் சுப்ராயனும் உட்கார்ந்துவிட்டான். இப்படியே பதினேழு வருஷம் ஓடிற்று.

அப்புறம்தான் அறிவுச்செல்வன் ஊர் திரும்பினான். சிசிலித் தீவில் த்ராப்பனி என்கிற ஊரில் ஒரு குடும்பத்தார் நடத்தின சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போய், வெங்காயம் உரிக்க ஏறி, கடைசியில் அடுப்படியே அவன் பொறுப்பு என்று ஆனவன். வந்தவன் தலத்தெருவில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து ஆறு மேசை போட்டான். வாசலில் ‘த்ராப்பனி குடும்ப உணவகம்’ என்று பலகை மாட்டினான். சமையலுக்கு அவனும் அவன் பெண்டாட்டி தாமரைச்செல்வியும். மாடியில் குடித்தனம். தனியாகக் கிடந்த சுப்ராயனையும் போலகத்திலிருந்து அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

திறந்த புதிதில் வந்தவர்களெல்லாம் பீட்சா கேட்டார்கள். “பீட்சா எங்க ஊரு சாப்பாடு இல்லிங்க,” என்று அறிவுச்செல்வன் சொல்லிச் சொல்லி ஓய்ந்தான்.

“எந்த ஊருடா உன் ஊரு?” என்றாள் காசியம்மா, அதைக் கேள்விப்பட்டு.

அவன் அவளுடைய கீரைக் கொல்லைக்கு வந்ததும் ஒரு இலைக்காகத்தான். வரப்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, “அத்தை, துளசி மாதிரி இருக்கும், ஆனா துளசி இல்ல. இலை இன்னும் பெருசா, வழவழன்னு இருக்கும். கசக்குனா இனிச்ச வாசனை. அதைப் போட்டுத் தர முடியுமா?” என்று கையால் அளவெல்லாம் காட்டினான்.

காசியம்மா களைக்கொத்தைக் கீழே போடவில்லை. “திருநீத்துப்பச்சைடா அது. சர்பத்துல போடுற சப்ஜா வெதைய வெதைச்சா மொளைக்கப் போவுது. இதப் பாக்கவா ஏரோப்பிளேன் ஏறிப் போன?”

ஒரு பாத்தி போட்டாள். வாரம் மூன்று நாள் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் உணவகத்தின் கொல்லைக் கதவருகே வைப்பாள். காசை எண்ணி வாங்கிக்கொள்வாள். “அத்தைகிட்டயும் கணக்கா?” என்று அவன் சிரித்தால், “அத்தை தனி, கீரை தனி. காச வை,” என்பாள். தாமரைச்செல்வி காப்பி கலக்கட்டுமா என்பாள். வேணாம்மா. மோர்? வேணாம்மா. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை. உள்ளேயிருந்து பூண்டும் பொரித்த கத்திரிக்காயும் மணக்கும். அந்த மணத்தை மட்டும் அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

இந்த ஐப்பசியில் அறிவுச்செல்வன் நேராகக் கேட்டான். “ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்புட வாங்க அத்தை.”

“உங்கப்பன் வூட்டுச் சோறு எனக்கு வேணாம்.”

“இது வூடு இல்லியே. கடை. வர்றவங்கல்லாம் காசு குடுத்துத்தான் சாப்புடுறாங்க. நீங்களும் குடுங்க. உங்க இலைய நாங்க என்ன பண்றோம்னு பாக்க வேணாமா?”

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அதை யோசித்துக்கொண்டே போனாள். திருநள்ளாறு போனால் ஓட்டலில் சாப்பிடுவதில்லையா? அந்த முதலாளிகள் எல்லாம் தனக்கு உறவாகிவிட்டார்களா? காசைக் கொடுத்துத் தின்றால் அது வியாபாரம். கை நனைத்ததில் சேராது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டுகிற மாம்பழக்கலர் சேலையைக் கட்டிக்கொண்டு, சுருக்குப்பையில் பணத்தை வைத்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். தலத்தெருவில் இறங்கி, கொல்லைக் கதவை விட்டுவிட்டு முன்வாசல் வழியாக உள்ளே போனாள்.

மேசைகளில் நாலு நிறைந்திருந்தன. ஜன்னலோரத்து மேசையில் சுப்ராயன் உட்கார்ந்திருந்தான்.

காசியம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். “இவன் எதுக்கு இங்க குந்தியிருக்கான்?”

“அப்பாவும் காசு குடுத்துத்தான் சாப்புடுறாரு அத்தை,” என்றான் அறிவுச்செல்வன்.

“குடுத்துட்டேன்க்கா,” என்று சுப்ராயன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். அவனுக்கு வலது கண்ணில் புரை. அடுத்த மாதம் அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று முகத்தைச் சாய்த்துத் தேடினான். காசியம்மா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, கூலிக்கு உட்கார்ந்தவள் மாதிரி உட்கார்ந்தாள்.

தாமரைச்செல்வி தண்ணீர் வைத்துவிட்டு, “பெரியம்மா, கையால சாப்புடுறீங்களா, கரண்டி தரட்டுமா?” என்றாள்.

பக்கத்து மேசையில் ஒரு பெண் முள்கரண்டியால் எதையோ குத்தி எடுத்துத் தின்றுகொண்டிருந்ததைக் காசியம்மா பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

“அந்த முள்ளுக் கரண்டியால தின்னா கை நனையாதுல்ல?”

“நனையாது பெரியம்மா.”

“அப்ப அதையே குடு.”

சுப்ராயன் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தான். டம்ளரில் பார்க்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் வந்தது கத்திரிக்காய். பொரித்து, வெங்காயமும் தக்காளியும் ஒரு நார்த்தண்டுக் கீரையும் சேர்த்துப் புளிப்பும் இனிப்புமாகச் சுருட்டியிருந்தார்கள். காசியம்மா முள்கரண்டியைக் களைக்கொத்து பிடிப்பது போலப் பிடித்து ஒரு துண்டைக் குத்தினாள். வாயில் போட்டு மென்றாள்.

“ஆறிப்போயிருக்கே.”

“ஆறினாத்தான் அத்தை ருசி. நேத்தே செஞ்சு வச்சது.”

“பழசுன்னு சொல்லு.” இன்னொரு துண்டு குத்தினாள். பழைய சோறு தின்று வளர்ந்தவளுக்கு ஒரு ராத்திரி கிடந்து ஊறின ருசி என்னவென்று தெரியும். “புளி எங்க வாங்குன?”

“புளி இல்ல. திராட்சைக் காடி, வினிகரு.”

“கத்திரிக்காயக் கெடுக்கல. அது போதும்.”

அடுத்துச் சுருள் சுருளாக ஒரு மாவுப் பண்டம். மேலே பச்சையும் சிவப்பும் கலந்த துவையல். “என்னடா இது, டெலிபோன் ஒயரு மாதிரி சுத்தி வச்சிருக்க?”

“நான் சுத்துனது பெரியம்மா,” என்றாள் தாமரைச்செல்வி. “ரவையப் பிசைஞ்சு, கயிறாத் திரிச்சு, குடைக்கம்பியில சுத்தி உருவணும். அந்த ஊர்லயும் கெழவிங்க அப்படித்தான் செய்வாங்களாம். மேல இருக்குறது உங்க இலைதான். பச்சையாவே பாதாமோட, பூண்டோட, தக்காளியோட இடிச்சது.”

காசியம்மா ஒரு சுருளை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். தன் பாத்தியில் குனிந்து கிள்ளும்போது விரலில் ஒட்டுகிற அதே மணம் இப்போது நாக்கில் ஏறிக்கொண்டிருந்தது. வேகவைத்துச் சாகடிக்காமல் வைத்திருக்கிறார்கள். “இத்தாலி பூரா இதத்தான் திங்கிறானுவளா?”

“எங்கத்தை. வடக்க இருக்குறவனுக்கு இதப் பத்தித் தெரியவே தெரியாது. அவன் வெண்ணெயில செய்வான், நாங்க எண்ணெயில. பக்கத்து ஊருக்குப் போனாலே மாவு வேற, துவையல் வேற.”

“சரிதான். நம்ம வைக்கிற மீன்கொழம்ப மாயவரத்துல போயி வைக்க முடியுமா?” சுருளைக் குத்த வராமல் முள்கரண்டி இரண்டு முறை வழுக்கிற்று. மூன்றாவது முறை விடவில்லை.

சுப்ராயன் மெதுவாக, “நல்லாருக்காக்கா?” என்றான்.

“காசு குடுத்துத் திங்கிறேன். நல்லாத்தான் இருக்கணும்.”

மூன்றாவதாகப் பெரிய மண்தட்டு ஒன்றை அறிவுச்செல்வனே தூக்கிக்கொண்டு வந்தான். கம்பரிசிச் சோறு மாதிரி உதிரி உதிரியாக, மஞ்சள் பூத்த ரவை. பக்கத்தில் ஒரு சட்டியில் சிவந்த மீன்சாறு, அதில் சங்கரா மீன் துண்டுகள். சாற்றை ரவைமேல் ஊற்றியதும் ரவை அதைச் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டது. மீனும் பூண்டும் பட்டையும் கலந்த வாசனையில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “இது கூஸ்கூஸு. த்ராப்பனியில ஞாயித்துக்கெழமன்னா எல்லார் வூட்டுலயும் இதுதான்.”

காசியம்மா கரண்டி முனையில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். உப்புமாவைப் போலக் குழையவில்லை. புட்டைப் போலக் காய்ந்தும் இல்லை. ஒவ்வொரு மணியும் தனியாக இருந்தது, ஒவ்வொரு மணிக்குள்ளும் சாறு இருந்தது.

“கடையில விக்கிற ரவை இப்படி இருக்காதே.”

“இல்லத்தை. சம்பா ரவையில உப்புத்தண்ணி தெளிச்சுத் தெளிச்சு, வெரல் நுனியால சுத்தியே மணியாக்கணும். அப்புறம் ஆவியில வேக வச்சு, சாறு ஊத்தி, கம்பளியப் போட்டு மூடி வைக்கணும். உருட்டுறதுதான் பெரிய வேலை. ரெண்டு மணி நேரம் ஆவும்.”

“யாரு உருட்டுனது?”

அறிவுச்செல்வன் அப்பாவைப் பார்த்தான்.

“நான்தான்க்கா,” என்றான் சுப்ராயன்.

“நீயா? ஒரு சொம்புத் தண்ணி மொண்டு குடிக்கத் தெரியாத பய நீ.”

“ஞாயித்துக்கெழமன்னா விடியக்காலம் உக்காந்துருவேன். மொதல்ல கட்டி கட்டியாத்தான் வந்துச்சு. ஆறு மாசமா உருட்டுறேன். கண்ணு சரியாத் தெரியாட்டியும் வெரலுக்குத் தெரியுது.”

காசியம்மா முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டால் அவளுக்கு முன்னுரை கிடையாது.

“சுப்ராயா, ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு நான் உள்ள போயி நின்னேன்ல. எதுக்க வரல. நல்ல சகுனத்துலதான் இவன் போனான். போன எடத்துல இவனுக்கு என்ன கொட்டுச்சு?”

சுப்ராயன் வாயைத் திறக்குமுன் அறிவுச்செல்வன் முந்திக்கொண்டான். “எறங்குன அன்னைக்கே ரயில்ல பெட்டிய அடிச்சுட்டானுவ அத்தை. துணிமணி, சர்டிபிகேட்டு எல்லாம் போச்சு. நீங்க கட்டிக் குடுத்த புளிச்சோறும் அதுலதான் இருந்துச்சு. போயி ரெண்டு வருஷம் பாத்திரம்தான் கழுவினேன்.”

“இத யாரும் எங்கிட்ட சொல்லலியே.”

“அப்பா சொல்ல வேணாம்னுட்டாரு.”

“எவனோ ஒரு திருட்டுப்பய தின்னுருக்கான் என் சோத்த,” என்றாள் காசியம்மா. “அவனாவது தின்னானே.” அதற்குப் பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை, கீரை விலை சொல்கிற குரல்தான். “நான் எதுக்க வராமயே இவ்வளவும் நடந்துருக்கு. அப்ப என் மூஞ்சியில என்னடா இருந்துச்சு?”

சுப்ராயன் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தான், பிரித்தான்.

“ஒண்ணும் இல்லக்கா. எனக்குத்தான் அன்னைக்கு புத்தி இல்ல. உன்ன உள்ள போவச் சொல்லிருக்கக் கூடாது. நீதான் மொத ஆளா எதுக்க நின்னுருக்கணும். அன்னைக்கு சாயந்தரமே தெரிஞ்சுபோச்சு எனக்கு. சொல்லத்தான் வாய் வரல.”

“பத்தொம்பது வருஷமாவா வரல?”

“வரல.”

“பலகாரம் மட்டும் வந்துச்சு.”

“ஆமா.”

அவ்வளவுதான் பேசினார்கள். காசியம்மா மறுபடி முள்கரண்டியை எடுத்தாள். ஒருவேளை அது போதும் என்று இருந்திருக்கலாம், போதாது என்றும் இருந்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது. சுப்ராயனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்று ஒரு பெரிய மீன் துண்டைக் கரண்டியால் பிய்த்து, ரவையோடு சேர்த்து வாய்க்குக் கொண்டுபோனான். துண்டின் அடியில் நீள முள் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவன் கண்ணில் அது படவில்லை.

“இருடா, இருடா. குருடா, முள்ளோட முழுங்கப் போற.”

அவள் கை மேசையைத் தாண்டிப் போய் அவன் கரண்டியைத் தட்டில் இறக்கியது. ஒரு முள்ளை உருவினாள். பக்கத்திலேயே இன்னொன்று. துண்டைப் புரட்டி விரலால் தடவிப் பார்த்து, நடுமுள்ளைப் பிரித்து, குட்டி முள் நாலைந்தை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். சதையை உதிர்த்து ரவையோடு சேர்த்து அவன் பக்கம் தள்ளினாள். “ம், இப்பத் தின்னு.”

அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். ஐந்து விரலிலும் சிவப்புச் சாறு வழிந்தது. தம்பி உருட்டின ரவை மணிகள் மணிக்கட்டு வரை ஒட்டிக்கொண்டிருந்தன.

தாமரைச்செல்வி அவசரமாகக் காகிதக் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். அறிவுச்செல்வன் அசையாமல் நின்றான்.

“காயிதமெல்லாம் வேணாம் போ,” என்றாள் காசியம்மா. “நனைஞ்சது நனைஞ்சுட்டு.”

முள்கரண்டியை மேசையின் கோடிக்குத் தள்ளினாள். தன் தட்டை இழுத்துக்கொண்டு, இன்னும் இரண்டு கரண்டி சாறு ஊற்றச் சொல்லி, ரவையையும் மீனையும் சேர்த்துப் பிசைந்தாள். உருட்டி வாயில் போட்டாள். அடுத்த உருண்டை. அடுத்த உருண்டை. முழங்கை வரை வழிந்ததை அவள் பொருட்படுத்தவில்லை. நாலாவது உருண்டையில் நிமிர்ந்தாள்.

“இது கையால திங்கிற பண்டம்டா. இத்தன நாளா முள்ளுக் கரண்டிய வச்சுக்கிட்டு என்னத்தத் தின்னானுவ அந்த ஊர்க்காரனுவ?”

“போன் பண்ணிச் சொல்லிடுறேன் அத்தை.”

“சொல்லு. இன்னும் கொஞ்சம் ரவை வை. சாற மேல ஊத்தாத, பக்கத்துல ஊத்து.”

சுப்ராயனும் கரண்டியை வைத்துவிட்டுக் கையால் தின்ன ஆரம்பித்தான். அதற்கப்புறம் அந்த மேசையில் பேச்சு அதிகம் இல்லை. ஒருதரம் காசியம்மா, “உப்பு கொஞ்சம் தூக்கலா தெளிச்சிருக்க,” என்றாள். “அடுத்த தடவை கொறைச்சுக்குறேன்க்கா,” என்றான் அவன். பாதாம் பாலில் செய்த வெள்ளைக் களி ஒன்று கடைசியாக வந்தது. பட்டைத்தூள் தூவி, தொட்டால் நடுங்கியது. பல் இல்லாதவனுக்குச் செய்தது என்று சொல்லிக்கொண்டே இரண்டு கிண்ணம் தின்றாள்.

கை கழுவிவிட்டு வந்து சுருக்குப்பையை அவிழ்த்தாள். “எவ்வளவு ஆச்சு?”

“கை நனைச்சவங்ககிட்ட காசு வாங்குற பழக்கம் இல்லத்தை,” என்றான் அறிவுச்செல்வன்.

“கடைன்னுதானடா கூப்ட?”

“முள்ளுக் கரண்டி கையில இருந்த வரைக்கும் கடை.”

காசியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்கப்பனுக்கு இல்லாத வாயெல்லாம் உனக்கு இருக்கு.” சுருக்குப்பையை இழுத்து முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசல் வரை போனவள், செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

“சுப்ராயா. திங்கக்கெழம உங்க கடைக்கு லீவுதான?”

“ஆமாக்கா.”

“நாளைக்கு இல்ல, அடுத்த திங்கக்கெழம போலகத்துக்கு வா. மத்தியானம். எனக்கு ரவையெல்லாம் உருட்டத் தெரியாது. சோறும் மீன்கொழம்பும்தான் இருக்கும்.”

“வர்றேன்க்கா.”

“தனியா பஸ் ஏறாத. கண்ணு தெரியாத நேரத்துல. இவன வண்டியில கொண்டாந்து வுடச் சொல்லு.”

அந்தத் திங்கட்கிழமை காசியம்மா கூடை தூக்கவில்லை. பொழுது விடிந்ததும் திருமலைராயன்பட்டினம் மீன் அங்காடிக்கு நடந்தாள். அங்கே அவளைத் தெரியாதவர்கள் இல்லை. வாரத்துக்கு ஒருநாள் வருவாள், பொடிமீனைக் கிளறுவாள், விலையைக் கேட்டு மீன்காரியின் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துவிட்டு, கேட்ட விலையில் பாதிக்கு வாங்கிக்கொண்டு போவாள்.

“ஆத்தா, இன்னைக்குக் காரப்பொடி நல்லா வந்துருக்கு,” என்று முத்தையன் பெண்டாட்டி ஓலைப்பெட்டியைத் தள்ளினாள்.

“அதெல்லாம் முள்ளு. நடுமுள்ளு ஒண்ணோட முடியிற மீனாக் காட்டு.”

“அப்படீன்னா வஞ்சிரந்தான் ஆத்தா. அது வெல ஜாஸ்தி.”

“வெலையவா கேட்டேன்? மீனக் காட்டுடி.”

செவுளைத் தூக்கிப் பார்த்தாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். தனக்கென்று அவள் வாழ்நாளில் வஞ்சிரம் வாங்கினதில்லை. விரல் கனம் துண்டு போடச் சொன்னாள், தலையைத் தனியாகக் கட்டச் சொன்னாள். முத்தையன் பெண்டாட்டி விலையைச் சொல்லிவிட்டு, வழக்கமாக வரப்போகிற வசவுக்காகக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. காசியம்மா சுருக்குப்பையை அவிழ்த்து நோட்டுகளை எண்ணி வைத்தாள். கிலோ எண்ணூற்று ஐம்பது ரூபாய்.